பதினோராவது பாக்கெட்

அத்தியாயம் 6

"வாட்ச், பெல்ட், மோதிரம், பேனா, சாவி, ஃபோன். எல்லாத்தையும் இந்த டப்பாவுல போடுங்க. உள்ள உலோகம் எதுவும் வரக்கூடாது," என்றார் மேனேஜர்.

போட்டேன். பெல்ட் போனதும் பேண்ட்டும் கூடவே கிளம்பப் பார்த்தது. ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு துப்பறிய வந்தவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

"கடைவாய்ப் பல்லுல வெள்ளி அடைச்சிருக்கு சார். அதையும் பிடுங்கிடலாமா?"

மேனேஜர் சிரிக்கவில்லை. முதலாளியின் மச்சான் என்பதால் மேனேஜரானவர், அந்த இடத்தில் சிரித்து யாருடைய தயவையும் சம்பாதிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. மேடம் கொண்டையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி டப்பாவில் போட்டுவிட்டு, தலைமுடியை ஒரு ரப்பர் பேண்டில் முடிந்துகொண்டார்.

"ரேடியோ, வால்யூமைக் குறை," என்றார் என்னிடம்.

ரேடியோ என்றால் நான்தான். எங்கள் ஆபீசில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு மேடம், ஒரு ரேடியோ. மேடம் பதினாலு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளை விசாரித்தவர். அணைக்கிற பொத்தான் இல்லாத ரேடியோவை யாரோ தன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவார். சம்பளத்தை மட்டும் ஒன்றாம் தேதி தவறாமல் கொடுத்துவிடுவார், அதனால் நானும் பொறுத்துப் போகிறேன்.

அன்றைக்கு எனக்கும் வேடிக்கை பேசும் மனசு இல்லை. பேசாமல் இருந்தால் காலையில் ஆபீசுக்கு வந்த அந்த பஸ் டிரைவரின் முகம் கண்முன்னால் வந்து நின்றது, அதனால் பேசிக்கொண்டிருந்தேன்.

டிரைவர் காக்கிச் சட்டையோடு வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. அவருடைய தங்கச்சி இந்த பன் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் செக்கர். பத்தொன்பது நாளாக ஜெயிலில் இருக்கிறாள். இங்கிருந்து போன ஒரு பன்னில் இருந்த கம்பித் துண்டு, நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்றின் தொண்டையைக் கிழித்து, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் குழந்தை இறந்துபோனது. அந்தக் குழந்தையின் அப்பா இதே தொழிற்சாலையில் ஓவன் பார்க்கிறவர். பன் பாக்கெட்டை அவர் கையில் எடுத்துக் கொடுத்ததே இந்தச் செக்கர்தான்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு கோர்ட் மேடம். கொலைன்னு கேஸ் போடப் போறாங்க. அது கூடப் பரவாயில்ல, வக்கீல் வச்சுப் பாத்துக்கலாம். இவ ஒத்துக்கப் போறேங்கறா. நான்தான் கொன்னேன், என் கையாலதான் குடுத்தேன்னு அதையே சொல்லிக்கிட்டிருக்கா. சோறு இறங்கல அவளுக்கு. நேத்து என்னைப் பாத்து, 'அண்ணா, நான் பெட்டியைத் திறந்திருப்பேனோ, எனக்கே ஞாபகம் இல்லையோ'ங்கறா."

அதைச் சொல்லும்போதுதான் அந்த மனுஷன் அழுதார். அதனால்தான் நாங்கள் இங்கே.

தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் வெந்த மாவின் மணமும் சூடும் முகத்தில் மோதின. எங்கே பார்த்தாலும் மாவு. சுவரில் மாவு, குழாயில் மாவு, ஆட்களின் புருவத்தில் மாவு. பேய்ப் படம் எடுக்கிறவர்களுக்கு மேக்கப் செலவே இருக்காது. எங்களோடு வந்த எஸ்.ஐ. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கேஸ் அவருடையது. மேடத்தின் பழைய பழக்கத்துக்காக ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார்.

பேக்கிங் பகுதியின் கடைசியில் நின்றது அந்த மெட்டல் டிடெக்டர். பெயரைக் கேட்டு நான் என்னவோ நினைத்திருந்தேன். பார்த்தால், ஓடுகிற ஒரு ரப்பர் பெல்ட்டின் குறுக்கே நிற்கும் இரும்புச் சட்டம், நடுவில் ஒரு பாக்கெட் நுழைகிற அளவுக்கு ஓட்டை. பன் பாக்கெட்டுகள் வரிசையாக அந்த ஓட்டைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தன.

"நீங்களே காட்டுங்க," என்றார் மேடம், பக்கத்தில் நின்ற ஃபிட்டரிடம்.

ஃபிட்டருக்கு ஐம்பது வயதிருக்கும். செக்கர் உள்ளே போனதிலிருந்து டெஸ்ட் போடுவதும் அவர்தான். சட்டைப் பையிலிருந்து மூன்று பிளாஸ்டிக் குச்சிகளை எடுத்தார். ஒவ்வொன்றின் நுனியிலும் கடுகைவிடச் சின்னதாக ஒரு குண்டு பதிந்திருந்தது.

"இது இரும்பு, இது பித்தளை, இது ஸ்டீல். மணிக்கு ஒரு தடவை, மூணையும் மூணு பாக்கெட்டுல சொருகி விடணும். பாருங்க."

ஸ்டீல் குச்சி சொருகிய பாக்கெட் ஓட்டைக்குள் போனது. மேலே சிவப்பு விளக்கு ஒரு நொடி மின்னியது. ஒரு எட்டு தள்ளி, பக்கவாட்டிலிருந்து ஒரு தண்டு 'தட்' என்று வெளியே வந்து பாக்கெட்டை ஒரே தள்ளாகத் தள்ளியது. பாக்கெட் பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பூட்டிய பெட்டிக்குள் விழுந்தது. சின்னத் திரையில் எண் 4 என்றிருந்தது 5 ஆனது.

"இதுக்குப் பேரு புஷர். காத்துல வேலை செய்யுது. தள்ளினதெல்லாம் பெட்டிக்குள்ள. சாவி செக்கர்கிட்ட மட்டும்தான். ஷிஃப்ட் முடிஞ்சதும் பெட்டியைத் திறந்து எண்ணி, திரையில இருக்கற நம்பரோட சரி பாக்கணும்."

"அப்போ தள்ளற பாக்கெட்ல எல்லாம் கம்பி இருக்குமா?" என்று கேட்டேன். இனிமேல் பன் தின்பதா வேண்டாமா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

"பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது தம்பி. பன் ஆறாம சூடா வந்தாலே மெஷின் உலோகம்னு நினைச்சுக்கும். ஈரம், உப்பு, சூடு இதெல்லாம் அதுக்குக் குழப்பம். பத்துல ஒம்பது வீண் சந்தேகம்தான்."

"எங்க மேடம் மாதிரியே," என்றேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

எஸ்.ஐ. தன் ஃபைலைத் திறந்தார். "மேடம், நீங்க சுத்தி வளைக்க வேண்டாம். நான் நேரா சொல்லிடறேன். அன்னைக்குக் காலை ஷிஃப்ட்ல மெஷின் பிடிச்சது பதினோரு பாக்கெட். மெஷினோட நினைவுலயே இருக்கு. கடைசியாப் பிடிச்சது 14:07-க்கு. பெட்டியில இருந்தது பத்து. குழந்தை வீட்டுல கிடைச்ச பாக்கெட் உறையில அச்சடிச்ச நேரம் என்ன தெரியுமா? 14:07."

"பதினோராவது பாக்கெட்," என்றார் மேடம்.

"அதேதான். மெஷின் பிடிச்சு பெட்டியில போட்டிருக்கு. பூட்டின பெட்டி, ஒரே சாவி. திறந்து வெளிய எடுத்தது யாரு? அதை ஓவன்காரர் கையில குடுத்தது யாரு? நாலு பேர் பாத்திருக்காங்க. 'பாப்பாவுக்குக் குடுங்க'ன்னு சொல்லிக் குடுத்திருக்கா. ஒரு வாரம் முன்னாடிதான் ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. அவரு மேல இவ புகார் எழுதிக் குடுத்து, எல்லார் முன்னாடியும் அவரு திட்டு வாங்கியிருக்காரு."

"புகார் குடுத்தது இவ. திட்டு வாங்கினது அவரு. அப்போ வன்மம் அவருக்குத்தானே இருக்கணும்?"

"வன்மம் யாருக்கு எப்ப வரும்னு யாரு கண்டா. இதைப் பாருங்க." எஸ்.ஐ. இன்னொரு தாளை நீட்டினார். "மேனேஜர் எடுத்துக் குடுத்த ஆறு மாசக் கணக்கு. திரையில ஒரு நம்பர், பெட்டியில ஒண்ணு கம்மி. கடைசி ரெண்டு மாசத்துல இந்த மாதிரி ஏழு நாள். ஏழும் காலை ஷிஃப்ட், ஏழும் இவ இருந்தப்போ. இவளை உள்ள தூக்கிப் போட்டு இன்னைக்குப் பத்தொன்பது நாள். இந்தப் பத்தொன்பது நாளும் கணக்கு ஒண்ணு கூடப் பிசகல. எண்ணிக்கை பொய் சொல்லாது மேடம்."

 ஆள் போனாள், திருட்டு நின்றது. இதற்கு மேல் என்ன வேண்டும்? அந்த பஸ் டிரைவருக்கு என்ன பதில் சொல்லப் போகிறோம் என்று நினைக்கும்போதே எரிச்சலாக வந்தது. பக்கத்திலிருந்த மாவு மூட்டை மேல் பொத்தென்று சாய்ந்தேன். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மாவு மூட்டையில் சாயக்கூடாது என்பது சாய்ந்த பிறகுதான் உறைத்தது.

மேடம் அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "ஏழு நாளும் ரெண்டு மணியை ஒட்டியே இருக்கே."

"ஷிஃப்ட் மாறுற நேரம். ஆளுங்க போக வர இருப்பாங்க, யாரும் கவனிக்க மாட்டாங்க. அந்த நேரமாப் பாத்து எடுத்திருக்கா," என்றார் மேனேஜர் அவசரமாக.

மேடம் அவரை நிமிர்ந்து பார்த்தார்.  அவர் அப்படிப் பார்த்தால் எனக்கே பழைய தப்பெல்லாம் ஞாபகம் வரும்.

சங்கு ஊதியது. மணி இரண்டு.

வேலை முடிந்தவர்கள் கூட்டமாகக் கிளம்பினார்கள். கதவுக்குப் பக்கத்தில் ஒரு தூண், அதில் நீல ரப்பர் ஹோஸ் ஒன்று தொங்கியது. ஒவ்வொருவராக அதை எடுத்து, நுனியிலிருந்த துப்பாக்கி மாதிரியான குழாயை அழுத்தி, சட்டையிலும் தலையிலும் காற்றை 'உஸ்ஸ்' என்று அடித்துக்கொண்டார்கள். மாவு புகையாகப் பறந்தது. ஆளுக்குப் பத்து நொடி. வெள்ளையாகப் போனவர்கள் மனுஷ நிறத்தில் வெளியே வந்தார்கள்.

"இது தப்பில்லையா?" என்று மேடம் ஃபிட்டரிடம் கேட்டார்.

"மெஷினைச் சுத்தம் பண்றதுக்கு வச்ச ஹோஸ்ம்மா அது. உடம்புல அடிக்கக்கூடாதுன்னு போர்டு கூட இருக்கு. யாரு கேக்கறா? இப்படியே பஸ் ஏறினா பக்கத்துல எவனும் உக்கார மாட்டான்."

கூட்டம் கரைந்தது. கடைசியாக ஒருவர் வந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், நடை மட்டும் அறுபது வயதுக்காரர் நடை. தலைமுடி, புருவம், காது மடல், சட்டை, செருப்பு எல்லாம் வெள்ளை. ஹோஸைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அப்படியே அதைத் தாண்டி வாசலுக்குப் போனார்.

மேடம் என் கையைக் கிள்ளினார். வலித்தது.

"இவரு மட்டும் ஏன் அடிச்சுக்கல?"

"அவருதாம்மா ஓவன்காரர்," ஃபிட்டர் குரலைத் தாழ்த்தினார். "இறந்துபோன பாப்பாவோட அப்பா. போன வாரத்துக்கு முந்தின வாரம்தான் வேலைக்குத் திரும்பி வந்தாரு."

மேடம் வேகமாக நடந்தார். வாசலுக்கு வெளியே இருந்த சிமெண்டு பெஞ்சில் அவரை உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். நான் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.  எனக்கும் ஒரு அக்கா மகள் இருக்கிறாள், அதே வயசு.

"உங்களுக்கும் செக்கருக்கும் என்ன சண்டை?" என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

"இப்ப எதுக்குங்க அது." அவர் தரையைப் பார்த்தபடியே பேசினார். "ஹோஸ்ல காத்து அடிக்கறேன், மாவு மெஷின் மேல பறக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டா. எல்லாரும் அடிக்கறாங்க, என் பேரை மட்டும் ஏன் எழுதினேன்னு சத்தம் போட்டேன். அப்புறம் அவளே வந்து சமாதானமாப் பேசினா. பாப்பா உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டா. அன்னைக்கு பன்னும் எடுத்துக் குடுத்தா. நல்ல பொண்ணுன்னு நினைச்சேன்."

"எல்லாரும் அடிக்கறப்போ உங்க பேரை மட்டும் ஏன் எழுதினாங்க?"

"நான் கொஞ்சம் நேரம் அடிப்பேன். பாப்பாவுக்கு இழுப்பு. இந்த மாவுத்தூசி துளி பட்டாலும் ராத்திரி பூரா மூச்சு வாங்குவா. வீட்டுக்குப் போனதும் வாசல்லயே ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்குவா, தள்ளி நில்லுன்னா கேக்க மாட்டா. அதான் ஒரு பொட்டு மாவு இல்லாம அடிச்சுட்டுப் போவேன்."

"இப்போ அடிக்கறதில்ல."

"யாருக்காக அடிக்கணும்?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மேடம் அப்படியே எழுந்து நின்றார். அவர் முகத்தில் ஒரு பயம் தெரிந்தது. எட்டு வருஷமாக அவரோடு இருக்கிறேன், கத்தியோடு வந்தவன் முன்னால் கூட அவர் முகத்தில் அதை நான் பார்த்ததில்லை.

"நீங்க வீட்டுக்குப் போங்க," என்றார் அவரிடம். "இங்க இருக்க வேண்டாம். தயவுசெஞ்சு போங்க."

பிறகு உள்ளே திரும்பி நடந்தபடி என்னிடம் சொன்னார்: "இந்தப் பத்தொன்பது நாள்ல இங்க நின்னுபோன விஷயம் ரெண்டு, ரேடியோ. ஒண்ணு செக்கர் வேலைக்கு வர்றது. அதை மட்டும்தான் எஸ்.ஐ. பாத்தாரு."

"ரெண்டாவது?"

"உன் சட்டையைப் பாரு. எவ்வளவு அசிங்கமா இருக்கு. போய் அந்த ஹோஸை எடுத்து அடிச்சுக்கோ. நான் கையைத் தூக்கற வரைக்கும் நிறுத்தாத."

மேடம் என் சட்டையைப் பற்றிக் கவலைப்படுகிற ரகம் இல்லை. இருந்தாலும் போய் ஹோஸை எடுத்தேன். மேடம் ஃபிட்டரிடம் ஏதோ சொல்ல, அவர் ஸ்டீல் குச்சி சொருகிய பாக்கெட்டுகள் நாலைந்தைத் தயாராக வைத்துக்கொண்டார். எஸ்.ஐ. கடிகாரம் இல்லாத மணிக்கட்டைப் பார்த்துவிட்டுச் சலித்துக்கொண்டார்.

அழுத்தினேன். உஸ்ஸ்ஸ். முதல் பாக்கெட் ஓட்டைக்குள் போனது. விளக்கு மின்னியது, புஷர் 'தட்' என்று தள்ளியது, பாக்கெட் பெட்டிக்குள் விழுந்தது.

"பாத்தீங்களா? மெஷின் சுத்தமா வேலை செய்யுது. போலீஸ் வந்து பாத்தப்பவும் இப்படித்தான்," என்றார் மேனேஜர்.

மேடம் கையைத் தூக்கவில்லை. சட்டை முடிந்து, தலை முடிந்து, காதுக்குள் அடித்துக் கூச்சத்தில் நெளிந்தேன். இரண்டாவது பாக்கெட். தட். இந்தத் தடவை சத்தம் கொஞ்சம் மெலிந்தது போல இருந்தது. பேண்ட், முழங்கால், செருப்பு. மூன்று நிமிஷம் ஆகியிருக்கும், அடிக்க உடம்பில் இடமே மிச்சமில்லை. என் கையில் ஹோஸின் உதறல் குறைந்துகொண்டே வந்தது.

மூன்றாவது பாக்கெட் போனது.

விளக்கு மின்னியது. திரையில் எண் ஒன்று கூடியது. புஷர் வெளியே வந்தது, தூக்கத்தில் கை நீட்டுகிறவன் மாதிரி, பாதி தூரம். பாக்கெட்டின் ஓரத்தைத் தொட்டது. பாக்கெட் லேசாகத் திரும்பி, பெல்ட்டிலேயே நகர்ந்து, மற்ற பாக்கெட்டுகளோடு சேர்ந்து கடைசி மேஜைக்குப் போய் நின்றது.

மேடம் கையைத் தூக்கினார்.

 எஸ்.ஐ. மேஜைக்குப் போய், அந்தப் பாக்கெட்டை எடுத்துப் பிரித்தார். பன்னுக்குள்ளிருந்து ஸ்டீல் குச்சியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"பெட்டியை யாரும் திறக்கல சார்," என்றார் மேடம். "பதினோராவது பாக்கெட் பெட்டிக்குள்ள போகவே இல்ல. மெஷின் பிடிச்சுது, எண்ணிக்கிச்சு. தள்ள வேண்டிய கைக்குத் தெம்பு இல்ல. ஹோஸுக்கும் புஷருக்கும் ஒரே கம்ப்ரசர், ஒரே காத்து. பத்து செகண்டு அடிச்சாத் தாங்கும். நிமிஷக்கணக்கா அடிச்சா காத்து இறங்கிடும். மணிக்கு ஒரு தடவை போடற டெஸ்ட்ல இது தெரியாது, ஏன்னா ரெண்டு மணி டெஸ்ட் முடிஞ்ச பிறகுதான் ஹோஸை எடுப்பாங்க. நிறுத்தினதும் அரை நிமிஷத்துல காத்து திரும்ப ஏறிடும்."

"விளக்கு மின்னுமே, அதையாவது அவ பாத்திருக்க வேண்டாமா?"

"ஒரு செகண்டு மின்னும். நாளுக்குப் பத்து தடவை வீணா மின்னும். தள்ளறதுக்குத்தான் புஷர் இருக்கேன்னு அந்தப் பொண்ணு நோட்டுல எழுதிக்கிட்டிருந்திருப்பா. எழுதி முடிச்சுத் திரும்பினா, மேஜையில புதுசா வந்து நின்ன பாக்கெட். எடுத்து நீட்டியிருக்கா."

மேனேஜர் கைக்குட்டையை எடுத்தார். "சரி, விபத்துன்னு ஆயிடுச்சு. எதிர்பாராதது. யார் மேலயும் தப்பில்ல. அந்தப் பொண்ணை விட்டுடுங்க, நாங்களே வக்கீல் செலவு—"

"காத்து இறங்கினா இந்த மெஷின் என்ன பண்ணணும்?" மேடம் அவரைக் கவனிக்காமல் ஃபிட்டரிடம் கேட்டார்.

 ஃபிட்டரின் நெற்றியில் இருந்த மாவு வியர்வையில் கரைந்து கோடாக இறங்கியது.

"நீங்களே சொல்லிட்டா நல்லது," என்றார் மேடம். "இல்லாட்டி இந்த மெஷினைக் கழட்டிப் பாக்கத் தெரிஞ்ச ஆளு எனக்கு நாலு பேர் இருக்காங்க."

"நிக்கணும்." ஃபிட்டர் கையால் மாவைத் துடைத்தார். "காத்து இறங்கினா பெல்ட் அப்படியே நிக்கணும்மா. அதுக்குன்னே உள்ள ஒரு சுவிட்ச் இருக்கு. ஷிஃப்ட் மாறும்போது இவங்க ஹோஸ் அடிக்கற நாளெல்லாம் லைன் நின்னு நின்னு போச்சு. ரெண்டு மாசம் முன்னாடி... அந்த சுவிட்சை ஒயர் போட்டு இணைச்சு விட்டுட்டேன். காத்து இருக்கறதாவே மெஷின் நினைச்சுக்கும். இன்னும் அப்படியேதான் இருக்கு."

"நீங்களாவா செஞ்சீங்க?"

ஃபிட்டர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கண்ணாலேயே மிரட்டிக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. ஃபிட்டர் சட்டென்று அழ ஆரம்பித்துவிட்டார்.

"வேண்டாம்னு சொன்னேன்மா. ஹோஸைக் கழட்டிடலாம்னு சொன்னேன். ஆளுங்க முறைச்சுக்குவாங்க, லைனும் நிக்கக்கூடாது, ஒயரைப் போடுன்னாரு. குழந்தை செத்த அன்னைக்கே எனக்கு மனசுல உறுத்துச்சு. வாயைத் திறந்தா உன் வேலையும் போகும், நீயும் உள்ள போவேன்னாரு. அந்தப் பொண்ணு தினமும் எனக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கும்மா. அது உள்ள கிடக்க, நான் இங்க அது குச்சியை வச்சு டெஸ்ட் போட்டுக்கிட்டிருக்கேன்."

"பொய் சொல்றான். எழுத்துல ஏதாவது இருக்கா?" என்றார் மேனேஜர்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இருக்கு சார். ஏழு நாள் கணக்கு கம்மியானதுன்னு நீங்களே எடுத்துக் குடுத்தீங்களே, அது எழுத்துலதான் இருக்கு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள் கூடக் கம்மியில்ல. ஒயர் போட்ட பிறகுதான் ஏழும். அந்த ஏழுல ஒண்ணுதான் நமக்குத் தெரியும். மீதி ஆறு பாக்கெட் யார் வீட்டுக்குப் போச்சு, அதுல எதுல என்ன இருந்துதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

 எஸ்.ஐ. மேனேஜரின் தோளில் கையை வைத்து, "நீங்க என்னோட வாங்க," என்றார். அந்தக் குரல் மரியாதையாகத்தான் இருந்தது. 

கேஸ் முடிந்தது என்று நினைத்தேன். நாளைக்குப் பதினோரு மணிக்கு அந்தப் பெண் ஒத்துக்கொள்ள ஒன்றுமில்லை, டிரைவருக்கு இப்போதே போன் பண்ண வேண்டும் என்று ஃபோன் எங்கே என்று தடவினேன். அது வாசல் டப்பாவில் இருந்தது. திரும்பினேன்.

வாசலில் ஓவன்காரர் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகவில்லை. ஹோஸைப் பற்றி எதற்குக் கேட்டோம் என்று யோசித்து, பின்னாலேயே வந்திருக்க வேண்டும். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. அவர் பார்வை தரையில் கிடந்த நீல ஹோஸின் மேல் இருந்தது. நான் போட்டது.

"அதை அடிச்சா, அது தள்ளாதா?" என்று கேட்டார்.

 பெல்ட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மேடம் அவர் பக்கத்தில் போனார். "இங்க பாருங்க. நீங்க காத்து அடிச்சது தப்பில்ல. நீங்க அடிச்ச உடனே இந்த மெஷின் நின்னிருக்கணும். நிக்கற மாதிரிதான் செஞ்சு வச்சிருக்காங்க. நிக்க விடாம பண்ணது இந்த மேனேஜர். உங்க பாப்பாவைக் கொன்னது அந்த ஒயர். உங்க கை இல்ல. புரியுதா?"

அவர் தலையசைத்தார். புரிந்ததற்கான தலையசைப்பு மாதிரி இல்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், மாவாக இருந்தது. சட்டையில் துடைக்கப் போய், சட்டையும் மாவாக இருந்ததால் அப்படியே வைத்துக்கொண்டார்.

எஸ்.ஐ. மேடத்தைத் தனியாகக் கூப்பிட்டார். மெதுவாகத்தான் பேசினார், ஆனாலும் என் காதில் விழுந்தது. "மேடம், ஒயர் இருக்கு, ஃபிட்டர் வாக்குமூலம் இருக்கு. ஆனா அன்னைக்கு 14:07-க்கு ஹோஸ் ஓடிக்கிட்டிருந்துச்சுன்னு ஒருத்தர் சொல்லணும். இல்லாட்டி நாளைக்கு மேனேஜரோட வக்கீல், காத்து இறங்கவே இல்ல, பொண்ணுதான் பெட்டியைத் திறந்தான்னு நிப்பாரு. அதைக் குழந்தையோட அப்பாகிட்ட நான் எப்படிக் கேக்கறது?"

"கேக்க வேண்டாம். வேற வழி பாப்போம்," என்றார் மேடம். அவர் கண் கலங்கியிருந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பதினாலு வருஷம் பிணங்களைப் பார்த்த பொம்பளை.

"அந்தப் பொண்ணு சாப்பிடுதா?"

கேட்டது ஓவன்காரர். என்னைப் பார்த்துக் கேட்டார். 

"இல்லைங்க," என்றேன். "சோறு இறங்கலையாம். தான்தான் கொன்னேன்னு சொல்லிக்கிட்டிருக்காங்களாம்."

 அவர் நேராக எஸ்.ஐ.யிடம் போனார்.

"எழுதிக்கோங்க சார். அன்னைக்கு ஹோஸ் அடிச்சுக்கிட்டிருந்தது நான்தான். கூட யாரும் இல்ல, எல்லாரும் போயிட்டாங்க. அடிச்சு முடிச்சுட்டு வந்தேன், அந்தப் பொண்ணு நோட்டை மூடிட்டு, மேஜையில இருந்த பன்னை எடுத்து பாப்பாவுக்குன்னு குடுத்துச்சு. பெட்டியைத் தொடல. நான் பாத்துக்கிட்டேதான் வந்தேன்."

எஸ்.ஐ. மாவு மூட்டை ஒன்றின் மேல் தாளை வைத்து, ஃபிட்டரின் பேனாவை வாங்கி எழுதினார். எழுதும்போது அந்த மனுஷனை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. போலீஸ்காரருக்கும் வீட்டில் குழந்தைகள் இருக்குமல்லவா. ஒரு இடத்தில் பேனா நின்றது.

"எவ்வளவு நேரம் அடிச்சீங்கன்னு போடணும். ஒரு... ரெண்டு நிமிஷம்னு போட்டுக்கறேன். அது போதும்."

"ரெண்டு இல்ல சார்," என்றார் அவர். "முந்தின நாள் ராத்திரி பூரா பாப்பா தூங்கல, அவ்வளவு இழுப்பு. அதனால அன்னைக்குக் கழுத்து, காது, செருப்புக்குள்ள எல்லாம் அடிச்சேன். அஞ்சு நிமிஷம். அஞ்சுன்னே போடுங்க."

எஸ்.ஐ. ஐந்து என்று எழுதினார்.